கடையில் 12 பேர், கணக்கில் ஐந்தரை

கேள்வி (2025 நவம்பரில் வந்தது): சிங்கப்பூர் தேக்காவில் நானும் கணவரும் ஒன்பது வருடமாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். கம்பெனி அவர் பெயரில் இருக்கிறது. அவர் சிங்கப்பூரர், நான் 2019இலிருந்து நிரந்தரவாசி. மலேசியாவிலிருந்து வந்த மூன்று பேர் ஒர்க் பெர்மிட்டில் வேலை செய்கிறார்கள். அதில் ஒருவருக்கு ஜனவரிக் கடைசியில் பெர்மிட் முடிகிறது. மனிதவள அமைச்சின் இணையக் கணக்கில் பார்த்தால் எங்களுக்கு இரண்டு வெளிநாட்டு ஊழியர்தான் என்று காட்டுகிறது. எப்படி என்றே புரியவில்லை. எங்கள் கடையில் உள்ளூர்க்காரர்களே 12 பேர் இருக்கிறோம்: கணவர், நான், மாமியார், முழுநேர ஊழியர்கள் நான்கு பேர் (ஒரு பெண் இப்போது பிரசவ விடுப்பில்), மாலையில் கல்லாவில் உட்காரும் 71 வயது மாமா, வார இறுதியில் மட்டும் வரும் இரண்டு பெண்கள், பாலிடெக்னிக்கிலிருந்து பயிற்சிக்கு வந்திருக்கும் ஒரு பையன், கணக்கு எழுதுபவர். முழுநேரமாக இருந்த இன்னொருவர் ஜூலைக் கடைசியில் விலகிவிட்டார். தெரிந்தவர் ஒருவர், "உங்கள் நாத்தனார் பேரிலும் அண்ணி பேரிலும் மாதம் 1,600 வெள்ளி சம்பளம் என்று காட்டி சிபிஎஃப் கட்டிவிடுங்கள், தானாகச் சரியாகிவிடும்" என்கிறார். செய்யலாமா? ஊரிலிருந்து ஒரு பரோட்டா மாஸ்டரைக் கொண்டுவரவும் ஆசை. உண்மையில் யாரைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள்?

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, வெளிநாட்டு ஊழியர் எத்தனை பேரை வைக்கலாம் என்ற ஒதுக்கீட்டுக் கணக்குதான் கண்ணில் பட்டது. இரண்டாம் முறை வேறொன்று பட்டது, அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன். நீங்கள் அவசரமாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நாத்தனார் பேரிலும் அண்ணி பேரிலும் கட்டாதீர்கள். ஒரு மாதம்கூட வேண்டாம். அந்த வழிக்குப் போகாமலேயே உங்கள் கணக்கு சரியாகும்.

நீங்கள் கடைக்குள் நடமாடும் ஆட்களை எண்ணியிருக்கிறீர்கள். அமைச்சு பார்ப்பது, உங்கள் கம்பெனியிலிருந்து ஊழியர்களின் சேமிப்பான மத்திய சேம நிதிக்கு, அதாவது சிபிஎஃப்-க்கு, யார் யார் பேரில் எவ்வளவு சம்பளத்துக்குப் பணம் போகிறது என்பதை. ஆள் சிங்கப்பூரராகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். உங்கள் கம்பெனியில் ஊழியராக வேலை செய்ய வேண்டும். நீங்கள் அவருக்கு முதலாளியாக சிபிஎஃப் கட்டியிருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தாலும் அவர் முழுதாக ஒருவர் ஆவாரா, பாதியா, ஒன்றுமே இல்லையா என்பதை மாதச் சம்பளம் முடிவு செய்கிறது.

அந்தச் சம்பள அளவுகோலுக்கு உள்ளூர் தகுதிச் சம்பளம் என்று பெயர். முன்பு 1,400 வெள்ளியாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் 1,600. மாதம் 1,600 வெள்ளியோ அதற்கு மேலோ வாங்கும் உள்ளூர்க்காரர் ஒருவராகக் கணக்கில் வருவார். 800 வெள்ளியிலிருந்து 1,600க்குள் வாங்குபவர் அரை ஆள். 800க்குக் கீழே வாங்குபவர் வருடக்கணக்கில் உங்களிடம் வேலை செய்தாலும் ஒதுக்கீட்டுக்குப் பூஜ்யம்தான். இதைக் கேட்டு மனம் கசக்க வேண்டாம். இப்படி ஓர் அளவு இல்லாவிட்டால் பத்துப் பேருக்கு மாதம் நூறு, இருநூறு கொடுத்துப் பேரை மட்டும் பதிந்துவைத்து, அதைக் காட்டி வெளியிலிருந்து ஆள் எடுக்கத் துணிபவர்கள் இருப்பார்கள். உள்ளூர்க்காரருக்கு அது வேலையும் ஆகாது, சம்பளமும் ஆகாது.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருவோம்.

கணவர் கம்பெனியின் இயக்குநர் என்றும், மாதம் 3,000 வெள்ளி சம்பளம் எடுத்து சிபிஎஃப் கட்டுகிறார் என்றும் நீங்கள் இணைத்திருந்த சம்பளத் தாளில் பார்த்தேன். அவர் ஒருவர். முழுநேர ஊழியர் நான்கு பேரும் நான்கு. உணவுச் சேவைத் துறைக்கு 2023 மார்ச் 1 முதல் படிப்படியாக உயரும் சம்பள முறை வந்துவிட்டதால், வெளிநாட்டு ஊழியர் வைத்திருக்கும் கடைகளில் சமையல், பரிமாறுதல், கல்லா போன்ற வேலைகளுக்கு முழுநேரச் சம்பளம் 1,600க்கு மேல்தான் தொடங்குகிறது. அதனால் அவர்கள் விஷயத்தில் கவலை இல்லை.

பிரசவ விடுப்பில் இருக்கும் பெண்ணைக் கணக்கிலிருந்து எடுத்திருப்பார்களோ என்று நினைத்திருக்கிறீர்கள் போல. இல்லை. குழந்தை சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தால் அவருக்கு 16 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. சம்பளம் போகும்போது சிபிஎஃப்-ம் போகும், ஆகவே அவர் கணக்கில் இருக்கிறார். விடுப்பு முடிந்த பிறகு சம்பளமில்லா விடுப்பு கேட்டு நீங்களும் கொடுத்தால், அந்த மாதங்களில் அவர் கணக்கில் வரமாட்டார். அதற்காக அவரை அவசரப்படுத்தி வேலைக்குக் கூப்பிட்டுவிடாதீர்கள். முன்கூட்டியே தெரிந்து திட்டமிடுவதற்காகச் சொல்கிறேன்.

மாமாவுக்கு 71 வயது என்பது தடையே இல்லை. வயது கூடும்போது சிபிஎஃப் விகிதம் குறையும், 70 தாண்டியவருக்கு முதலாளி, ஊழியர் இருவர் பங்கும் சேர்த்து 12.5 விழுக்காடு. ஆனால் கட்ட வேண்டியது கட்ட வேண்டியதுதான். அவர் 1,050 வெள்ளி வாங்குகிறார், ஆகவே அரை ஆள்.

வார இறுதியில் வரும் இரண்டு பெண்களைப் பற்றித்தான் எனக்கு ஆதங்கம். மணிக்கு 13 வெள்ளி, மாதம் 60 மணி நேரம், ஆளுக்கு 780 வெள்ளி. இருபது வெள்ளி குறைவதால் இரண்டு பேரும் பூஜ்யம் ஆகிவிடுகிறார்கள். மாதத்துக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக வேலை கொடுத்தால் 806 வெள்ளி வரும், ஆளுக்கு அரை, சேர்த்து ஒருவர். அவர்களுக்கும் அந்த நேரம் வசதிப்பட வேண்டும், கேட்டுப் பாருங்கள். இன்னொன்று: வெளிநாட்டு ஊழியர் வைத்திருக்கும் எந்த நிறுவனமும் பகுதிநேர உள்ளூர்க்காரருக்கு மணிக்கு 10.50 வெள்ளிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். சாப்பாட்டுக் கடை வேலைகளுக்கு அதற்கும் மேலே. நீங்கள் 13 கொடுப்பது நல்ல காரியம், அதைக் குறைத்துவிட வேண்டாம்.

பாலிடெக்னிக் பையன் படிப்பின் பகுதியாக வந்திருப்பவர். அவருக்கு நீங்கள் கொடுப்பது படித்தொகை, அதற்கு சிபிஎஃப் இல்லை, ஆகவே கணக்கிலும் இல்லை. கணக்கு எழுதுபவர் நான்கைந்து கடைகளுக்கு எழுதிக்கொடுத்து ஆளுக்கு ஒரு பில் போடுகிறவர். அவர் உங்கள் ஊழியர் அல்ல. உங்கள் பிரியாணியை வீடு வீடாகக் கொண்டுபோகும் டெலிவரி ஊழியரும் அப்படித்தான். 2025 ஜனவரி 1 முதல் இணையத் தள ஊழியர் சட்டப்படி அவர்களுக்கு சிபிஎஃப் பங்கு கட்டுவது அந்தத் தளத்தின் பொறுப்பு, உங்கள் கணக்கில் அது சேராது. இதே வாரம் இன்னொரு வாசகர், உயர் சம்பள வெளிநாட்டவருக்கான எம்பிளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர்கள் எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தார். அவர்கள் எந்தப் பக்கமும் இல்லை. உள்ளூர்க் கணக்கிலும் வரமாட்டார்கள், வெளிநாட்டு ஒதுக்கீட்டிலும் இடம் பிடிக்கமாட்டார்கள்.

கூட்டிப் பாருங்கள். கணவர் 1, முழுநேரம் 4, மாமா அரை. ஐந்தரை. நீங்கள் சொன்ன 12 பேரில் அமைச்சுக்குத் தெரிவது இவ்வளவுதான்.

உணவகம் சேவைத் துறையைச் சேர்ந்தது. இந்தத் துறையில் மொத்த ஊழியர்களில் 35 விழுக்காட்டுக்கு மேல் ஒர்க் பெர்மிட்காரர்களும், நடுத்தரத் தேர்ச்சி உள்ளவர்களுக்கான எஸ் பாஸ்காரர்களும் இருக்கக்கூடாது. மொத்தம் என்றால் உள்ளூர்க் கணக்கும் இவர்களும் சேர்ந்தது. வேறு துறைகளில் வேறு அளவு, உற்பத்தித் துறையில் 60 விழுக்காடு வரை. உங்களுக்குக் கணக்குப் போடச் சுலபமான வழி ஒன்று சொல்கிறேன். உள்ளூர் எண்ணிக்கையை 35ஆல் பெருக்கி 65ஆல் வகுங்கள், பின்னத்தை விட்டுவிடுங்கள். ஐந்தரைக்கு 2.96 வரும். மூன்றுக்கு மயிரிழை குறைவு, ஆனாலும் இரண்டுதான். ஜூலையில் விலகியவர் இருந்தபோது ஆறரை, அதற்கு 3.5 வரும், அதாவது மூன்று பேர். அவர் போனதும் மூன்றாவது இடம் போய்விட்டது. போன மறுநாளே போகவில்லை. அமைச்சு கடைசி மூன்று மாதச் சிபிஎஃப்-ன் சராசரியைத்தான் எடுக்கும். ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் மூன்று மாதமும் அவர் இல்லாமல் கடந்ததால் இப்போது முழுதாகத் தெரிகிறது. இந்தச் சராசரியை நினைவில் வையுங்கள், பிறகு நமக்கே உதவப் போகிறது.

உள்ளூர்க் கணக்கு குறைந்தால் லெவியும், அதாவது வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் மாதக் கட்டணமும், ஏறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சேவைத் துறையில் மொத்த ஆட்களில் முதல் 10 விழுக்காடு வரை அடிப்படைத் தேர்ச்சி உள்ள பெர்மிட்காரருக்கு மாதம் 450 வெள்ளி, 25 விழுக்காடு வரை 600, அதற்கு மேல் 800. உயர் தேர்ச்சி இருந்தால் 300, 400, 600. ஒரே ஆள், ஒரே வேலை. பக்கத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் குறைந்ததால் அவருக்கான லெவி கூடிவிடக்கூடும்.

இப்போது அந்தத் தெரிந்தவர் சொன்ன யோசனை.

வேலை செய்யாத ஒருவர் பேரில் சிபிஎஃப் கட்டி உள்ளூர் எண்ணிக்கையை உயர்த்திக் காட்டுவது குற்றம். வெளிநாட்டு ஊழியர் சட்டத்தை 2012இல் திருத்தியபோது இந்தப் போலி ஊழியர் வேலையைத் தடுப்பதற்கென்றே விதி சேர்த்தார்கள். பொய்த் தகவல் கொடுத்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு இனி வெளிநாட்டு ஊழியரே எடுக்க முடியாதபடி கதவைச் சாத்திவிடுவார்கள். தெரிந்தே பெயரைக் கொடுத்தால் நாத்தனாரும் அண்ணியும்கூட உடந்தை என்று நிற்க வேண்டிவரும். உங்கள் வீட்டுப் பெண்களை விசாரணை அறையில் கொண்டுபோய் உட்கார வைக்கும் யோசனை இது.

பல வருடத்துக்கு முன்னால் எங்களிடம் கணக்குக் கொண்டுவந்த ஒரு சிறு கடை. முதலாளி தன் சின்னம்மாவை ஊழியர் என்று பதிந்து பதினெட்டு மாதம் சிபிஎஃப் கட்டியிருந்தார். அதிகாரிகள் அந்த அம்மாவிடம் கேட்டது சாதாரணக் கேள்விகள். கடையை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்? உங்களோடு வேலை செய்பவர் யார்? சம்பளம் எந்தத் தேதியில் வரும்? அவருக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை, அழுதுவிட்டார். முதலாளி அபராதம் கட்டி ஒருவழியாக மீண்டுவந்தார். ஆனால் அங்கே ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பெர்மிட்காரர்கள், ஒரு தப்பும் செய்யாதவர்கள், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். ஒருவருக்கு அப்போதுதான் பெண் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இந்த யோசனையைக் கேட்டதும் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

உறவினரை வேலைக்கு வைப்பதே தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. உண்மையாக வேலை செய்து, உண்மையாகச் சம்பளம் வாங்கினால் மாமியாரும் ஊழியர்தான், மருமகளும் ஊழியர்தான்.

இரண்டாம் முறை படித்தபோது கண்ணில் பட்டது என்றேனே, அது இதுதான். 12 பேர் பட்டியலில் "நான்" என்று இரண்டாவதாக எழுதியிருக்கிறீர்கள். காலை ஏழு மணிக்குக் கடை திறப்பதும், சந்தைக்குப் போவதும், மதியக் கூட்டத்தில் கல்லாவைப் பார்ப்பதும், இரவு கணக்கை முடிப்பதும் நீங்கள் என்று கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். சம்பளத் தாளில் உங்கள் பெயரே இல்லை. கடையில் அதிக நேரம் வேலை செய்பவர் நீங்கள், அந்த வேலைக்கு ஒரு வெள்ளி சம்பளம் கிடையாது, சிபிஎஃப்-ல் ஒரு வரி கிடையாது. இல்லாத நாத்தனாரை ஊழியராக்கச் சொன்னவருக்கு, எதிரே நிற்கும் நீங்கள் ஊழியராகத் தெரியவில்லை.

தேக்காவில் மட்டும் இப்படி எத்தனை பெண்களைப் பார்த்திருக்கிறேன். மளிகைக் கடை, பூக்கடை, தையல் கடை, சாப்பாட்டுக் கடை. "நம்ம கடைதானே, எனக்கெதுக்குத் தனியாச் சம்பளம்" என்பார்கள். வீட்டுச் செலவுக்கு வேண்டியதைக் கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்வதால் குறை தெரியாது. மருத்துவமனையில் படுத்து, சிபிஎஃப்-ன் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ்-ல் ஒன்றும் இல்லை என்று சொல்லும்போதுதான் தெரியும். அல்லது வீடு வாங்கும்போது. அல்லது கணவருக்கு ஏதாவது ஆகிவிட்டு, முப்பது வருடம் உழைத்தவருக்குத் தன் பெயரில் ஓய்வுக்காலச் சேமிப்பு என்று எதுவும் இல்லாதபோது.

ஆகவே உங்களுக்கு என் முதல் ஆலோசனை, நவம்பர் முதல் நீங்கள் சம்பளம் வாங்குங்கள். கடையையே நிர்வகிக்கிறீர்கள், 2,600 வெள்ளி என்று வைத்தால்கூட அதிகமில்லை. 55 வயதுக்குக் கீழே இருக்கிறீர்கள், நிரந்தரவாசியாகி மூன்றாம் வருடத்தையும் எப்போதோ தாண்டிவிட்டீர்கள், ஆகவே முழு விகிதம். கம்பெனி பங்கு 17 விழுக்காடு, 442 வெள்ளி. உங்கள் பங்கு 20 விழுக்காடு, 520. மாதம் 962 வெள்ளி உங்கள் பெயரில் சேரும், வருடத்துக்கு 11,544. இந்த ஆறு வருடமும் அந்த இடத்தில் ஒன்றுமே சேரவில்லை. செய்யும் வேலைக்குத் தகுந்த சம்பளம் என்பதால் கம்பெனியின் வரிக் கணக்கில் அது நியாயமான செலவாகவே போகும். குடும்பத்துக்கு வெளியே போகும் கூடுதல் பணம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை.

கணவரிடம் இதை ஒதுக்கீட்டுக் கணக்காகவே பேசிப் பாருங்கள், அதுதான் அவருக்கும் இப்போதைய கவலை. நீங்கள் ஒருவர் கணக்கில் வந்தாலே ஐந்தரை ஆறரை ஆகிவிடும். மூன்றாவது பெர்மிட்டுக்கு அது போதும். அப்புறம், ஒதுக்கீடு சரியான பிறகும் உங்கள் சம்பளத்தை நிறுத்தக்கூடாது. இதை அவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

செய்யும்போது ஒழுங்காகச் செய்யுங்கள். வேலை என்ன, நேரம் என்ன, சம்பளம் என்ன என்று எழுத்தில் வேண்டும். ஊழியர் எவருக்கும் 2016 ஏப்ரல் முதல் வேலை விதிமுறைகளும் விவரமான சம்பளச் சீட்டும் எழுத்தில் தரவேண்டும் என்பது சட்டம், முதலாளியின் மனைவி என்பதால் விலக்கு இல்லை. சம்பளம் உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் வங்கிக் கணக்குக்கு மாதாமாதம் போகட்டும். கல்லாவிலிருந்து எடுத்துச் சம்பளம் என்று எழுதிவைப்பது வேண்டாம். பழைய மாதங்களுக்கும் சேர்த்து இப்போது சிபிஎஃப் கட்டிவிடலாமே என்று தோன்றும். கூடாது. அந்த மாதங்களில் சம்பளம் போகவில்லை, போனதாகக் காட்டினால் அதுவும் பொய்க் கணக்கு ஆகிவிடும். உழைத்தது உண்மை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் இனிமேல்தான் தொடங்க முடியும்.

மாமியாரைப் பற்றியும் யோசியுங்கள். வாரத்தில் ஆறு நாள் காலையில் நான்கு மணி நேரம் காய்கறி நறுக்குகிறார் என்கிறீர்கள். மாதம் நூறு மணி நேரம் ஆயிற்று. வார இறுதிப் பெண்களுக்குக் கொடுக்கும் அதே 13 வெள்ளி கொடுத்தால் 1,300, அரை ஆள். ஆனால் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நேரம் குறித்து வேலைக்கு வருவது அவருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். பணமும் உண்மையிலேயே அவர் கைக்குப் போக வேண்டும், பையில் போட்டுத் திருப்பி வாங்கினால் நாத்தனார் கதையாகிவிடும்.

பரோட்டா மாஸ்டர் விஷயம் கொஞ்சம் சிக்கல். சேவைத் துறையில் ஒர்க் பெர்மிட்டில் வரக்கூடியவர்கள் பொதுவாக மலேசியா, சீனா, ஹாங்காங், மக்காவ், தைவான், தென்கொரியா ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்கள். இந்தியர், இலங்கையர், பங்களாதேஷ்காரர் என்றால் கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளுக்கு வரலாம், சாப்பாட்டுக் கடைக்கு வரமுடியாது என்றிருந்தது. 2023 செப்டம்பரில் ஒரு குறிப்பிட்ட வேலைப் பட்டியல் போட்டு, இந்திய உணவகச் சமையல்காரரை அதில் சேர்த்தார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் எல்லா வகை உணவகங்களின் சமையல்காரருக்கும் அதை விரித்திருக்கிறார்கள். இதற்கு இரண்டு நிபந்தனைகள். மாதம் குறைந்தது 2,000 வெள்ளி நிலையான சம்பளம், இப்படி வருபவர்கள் மொத்த ஊழியர்களில் 8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. நூற்றுக்கு எட்டு என்றால் மொத்தம் 13 பேர் இருந்தால்தான் ஒருவருக்கு இடம். அவரும் 35 விழுக்காட்டுக்குள்ளேயேதான்.

உங்கள் கணக்கில் போட்டுப் பார்ப்போம். நீங்கள் சேர்ந்தால் ஆறரை. வார இறுதிப் பெண்கள் இருவரும் 800ஐத் தாண்டினால் ஏழரை. மாமியாரும் சேர்ந்தால் எட்டு. எட்டுக்கு 4.3, நான்கு வெளிநாட்டு ஊழியர் வைக்கலாம், ஆனால் மொத்தம் 12 பேர்தான், 13க்கு ஒன்று குறைகிறது. ஜூலையில் போனவரின் இடத்துக்கு ஒரு முழுநேர உள்ளூர்க்காரரை எடுத்தால் ஒன்பது, வெளிநாட்டவர் நான்கு, மொத்தம் 13. அப்போது நான்காவது ஆளாக உங்கள் பரோட்டா மாஸ்டர் வரலாம்.

எஸ் பாஸ் இன்னொரு வழி. அதில் எந்த நாட்டவரும் வரலாம், சேவைத் துறையில் மொத்தத்தில் 10 விழுக்காடு வரை. 12 பேரில் ஒருவருக்கு இடம் உண்டு. ஆனால் 2025 செப்டம்பர் முதல் குறைந்த சம்பளமே 3,300 வெள்ளி, வயது கூடினால் அதுவும் கூடும். லெவி 650. பத்துப் பேருக்கு மேல் உள்ள நிறுவனம் என்பதால் முதலில் அரசின் வேலைவாய்ப்புத் தளமான மைகேரியர்ஸ்ஃப்யூச்சரில் 14 நாள் விளம்பரம் போட்டு, வரும் உள்ளூர்க்காரர்களையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். இரண்டு வழியிலும் மாதச் செலவை எழுதிப் பார்த்துவிட்டு, அந்தப் பரோட்டாவால் அவ்வளவு விற்பனை கூடுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் இந்த வருடம் அந்த ஆசையைத் தள்ளிவைத்து, இருக்கும் மூன்று பேரை முதலில் காப்பாற்றிக்கொள்ளச் சொல்வேன். யாருக்கும் வாக்குக் கொடுத்துவிட வேண்டாம், ஊரில் நிலத்தை அடகு வைத்துக் காத்திருப்பார்கள்.

இனி ஜனவரிக்கு நேரம் போதுமா என்ற கேள்வி. நவம்பர்ச் சம்பளத்துக்கான சிபிஎஃப் டிசம்பர் 14க்குள் போக வேண்டும், டிசம்பருக்கானது ஜனவரி 14க்குள். ஜனவரி நடுவில் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றின் சராசரியைப் பார்த்தால் உங்களில் மூன்றில் இரண்டு பங்கு கணக்கில் ஏறியிருக்கும். ஐந்தரையோடு சேர்த்து 6.17. அதற்கு 3.3, ஆக மூன்றாவது பெர்மிட்டுக்கு இடம் வந்துவிடும். ஒரு மாதம் தள்ளிப்போட்டு டிசம்பரில் தொடங்கினால் 5.83தான், 3.1 என்று விளிம்பில் நிற்கும். இடையில் ஒருவர் விலகினால் போச்சு. அதனால் இந்த மாதமே தொடங்குங்கள். வார இறுதிப் பெண்களின் இரண்டு மணி நேரத்தையும் இந்த மாதமே கூட்டினால் நெஞ்சு படபடப்பு இல்லாமல் இருக்கலாம். பிரசவ விடுப்பில் இருப்பவரிடம், விடுப்புக்குப் பிறகு எப்போது வரப்போகிறார் என்று அன்பாக ஒரு வார்த்தை கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

பெர்மிட் முடியப்போகிற அந்த மலேசியத் தம்பியிடம் நிலைமையை இன்றே சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் இருக்காது, கடையில் பேச்சு எப்படியும் காதுக்குப் போயிருக்கும். என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் தெரியும் என்று நேராகச் சொன்னால் அவரும் ஜோகூரில் குடும்பத்துக்குச் சொல்லி வைப்பார், நடுவில் வேறு இடம் தேடி ஓடமாட்டார்.

உங்கள் வேலை விவரம், சம்பளம் எழுதிய தாளைத் தயார் செய்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். வேலைப் பெயர் என்ற இடத்தில் "உதவியாளர்" என்று போட்டுவிடாதீர்கள். கடை மேலாளர் என்று போடுங்கள்.